வாசலுக்கு எது: பூசணியா, செவ்வந்தியா, வைக்கோலா, பொறுக்கி எடுத்த இலைகளா?

செப்டம்பர் கடைசியில் டொராண்டோவைச் சுற்றி எந்தக் காய்கறிக் கடைக்குப் போனாலும் உள்ளே நுழைவதற்கு முன்பே பூசணிக் குவியல் வழிமறிக்கும். அந்த வாரத்திலேயே எனக்குத் தொலைபேசிகளும் ஆரம்பித்துவிடும். புதிதாக வீடு வாங்கி மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் குடிவந்த குடும்பங்கள்தான் அதிகம். "அக்கா, தெருவில் எல்லா வீட்டு வாசலும் ஜோடித்திருக்கிறார்கள். எங்கள் வாசல் மட்டும் மொட்டையாக இருக்கிறது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்கட்டும்?"

பிளாஸ்டிக் இலைச் சரத்தைத் தவிர எது வேண்டுமானாலும் வாங்குங்கள் என்று முன்பெல்லாம் சொல்லிவிடுவேன். பத்து வருடங்களுக்கு மேல் இந்த வாசலில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்த பிறகு, அந்தப் பதில் போதாது என்று தெரிகிறது. இயற்கைப் பொருள்கள் எல்லாமே அழகுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டுப்போகிறது, ஒவ்வொரு பிராணியை அழைத்துவருகிறது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நாள் கணக்குதான் முதலில். கனடாவில் அறுவடைக்கு நன்றி சொல்லும் தேங்க்ஸ்கிவிங் அக்டோபர் இரண்டாவது திங்கள், குழந்தைகள் வேடம் போட்டு வீடு வீடாக வரும் ஹாலோவீன் அக்டோபர் 31. நமக்கு இவற்றோடு நவராத்திரியும் தீபாவளியும் சேர்ந்துகொள்கின்றன. 2026இல் தேங்க்ஸ்கிவிங் அக்டோபர் 12, தீபாவளி நவம்பர் 8. ஆக, செப்டம்பர் கடைசியில் வைத்தது தீபாவளி வரை நிற்க வேண்டுமென்றால் ஆறு வாரம் தாங்க வேண்டும். அதற்குள் வெயில், மழை, இலைகளைச் சுழற்றியடிக்கும் காற்று, இரவில் உறைபனி எல்லாம் வந்துபோய்விடும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இவ்வளவு நீண்ட கணக்கு கிடையாது. நவம்பர் 1ஆம் தேதி அவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது விளக்கு. கடை விளம்பரப் படத்தில் இருக்கும் வாசலுக்கும் நம் வாசலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். நம் வாசலில் ஒருநாள் உயிருள்ள நெருப்பு எரியும். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று, வந்தன. அகல் விளக்கு வரிசையைத் தாண்டி, தரையில் புரளும் அங்கி போட்ட குழந்தைகள் மிட்டாய் கேட்டுப் படியேறினார்கள். அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும், இதன் பக்கத்தில் திரி எரியலாமா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

அப்புறம் அணில், எலி. கடை ரசீதில் வராத செலவுகள். கடைசியில் அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதும் முக்கியம். எங்கள் நகராட்சிப் பச்சைத் தொட்டி பூசணியை எடுத்துக்கொள்ளும். அதில் பெயின்ட்டோ ஜிகினாவோ பூசியிருந்தால் அது உரத்துக்கும் ஆகாது, சமையலுக்கும் ஆகாது.

## பூசணி

அமெரிக்கக் கண்டத்துக் கொடி இது. கடல் கடந்து நம் ஊருக்கு வந்ததால்தான் 'பரங்கி' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. ஊரில் மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைப்போமே, அதே குடும்பத்துக் கொடிதான் இங்கே ஐப்பசியில் காயாக வாசலுக்கு வருகிறது. அதனாலோ என்னவோ, வாசற்படியில் பூசணியைப் பார்க்கும்போது எனக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

வெட்டாத முழுப் பூசணி, நன்கு முற்றியதாக இருந்தால், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் இரண்டு மாதம் வரை கெடாது. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் அதற்குப் பிடித்த சூடு, இங்கே அக்டோபர் பகல்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆறு வாரக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. ஆனால் ஹாலோவீனுக்காக அதில் முகம் செதுக்கிவிட்டால் கதை மாறிவிடும். அறுத்த இடத்தில் காற்றுப் பட்டு மூன்று நான்கு நாளிலேயே ஓரம் சுருங்கும், உள்ளே கறுப்புப் பூசணம் பிடிக்கும். குழந்தைகள் செதுக்க ஆசைப்பட்டால் ஒன்றை மட்டும் தனியாக எடுத்துவைத்து அக்டோபர் 29, 30 தேதிகளில் செதுக்குங்கள். மற்றவற்றில் கத்தி படவேண்டாம்.

வாங்கும்போது காம்பைப் பாருங்கள். காம்பு கெட்டியாக, ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. காம்பு ஒடிந்தால் அந்தக் குழி வழியாகத்தான் அழுகல் இறங்கும். நகத்தால் தோலை அழுத்திப் பார்த்தால் தடம் விழக்கூடாது.

நான் முதல் வருடம் நல்ல கனமான ஒன்றை நேராகச் சிமெண்ட் படியில் வைத்துவிட்டேன். மூன்றாவது வாரம் வரை தோல் பளபளவென்று இருந்தது, காம்பு கெட்டியாக இருந்தது. படியைக் கழுவலாமே என்று இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். மேலே இருந்தது கையோடு வந்தது, அடிவட்டம் படியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதிலிருந்து மஞ்சள் நீரும் விதையும் அடுத்த படிக்கு வழிந்தன. சிமெண்டின் ஈரம் அடியில் ஏறி, கண்ணுக்குத் தெரியாமல் கீழிருந்தே அழுகியிருக்கிறது. அந்தக் கறை அடுத்த கோடை வரை போகவில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் அடியில் மடித்த அட்டையோ, ஒரு பிடி வைக்கோலோ, சிறு மரப்பலகையோ வைக்கிறேன். மழை விட்டதும் துணியால் துடைத்து ஒரு கால்வட்டம் திருப்பி வைத்தால் போதும்.

அடுத்த எதிரி அணில். ஒரு நாள் காலையில் தோலில் ஒரு கடி தெரியும். மறுநாள் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை, அதற்கு மறுநாள் உள்ளே தலையை விட்டு விதையைத் தின்றுகொண்டிருக்கும். மிளகாய்த் தூள் தூவச் சொல்வார்கள். ஒரு மழை பெய்தால் அது போச்சு. என் அனுபவத்தில் கடி விழுந்த காயை உடனே அப்புறப்படுத்துவது ஒன்றுதான் பலன் தருகிறது. அதை விட்டுவைத்தால் பக்கத்துக் காய்களுக்கும் வந்துவிடும். உறைபனி கடுமையாக விழும் இரவுகளில் உள்ளே எடுத்து வையுங்கள். ஒருமுறை உறைந்து உருகிய பூசணி மறுநாளே தொளதொளவென்று ஆகிவிடும்.

கூடையில் நிரப்பி விற்கிறார்களே, கழுத்து வளைந்த, உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமான சின்னக் குடுக்கைகள், அவற்றைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பேய்ச்சுரைபோலக் கசப்பு நச்சு அவற்றில் இருக்கலாம். சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கும் அம்மாக்களின் பழக்கம் சும்மா வந்ததில்லை. குழம்புக்கு வேண்டுமென்றால் 'பை பம்ப்கின்', 'சுகர் பம்ப்கின்' என்று விற்கும் சின்ன உருண்டைகளை வாங்குங்கள். முகம் செதுக்க விற்கும் பெரிய ரகம் தண்ணீரும் நாருமாக இருக்கும், வாய்க்கு நன்றாக இருக்காது.

விளக்குக்குப் பக்கத்தில் முழுப் பூசணி பயமில்லாத பொருள். தீபாவளியும் சேர்த்துக் கணக்கிடும் வீட்டுக்கு என் முதல் வாக்கு இதற்குத்தான்.

## செவ்வந்தி

இங்கே 'மம்ஸ்' என்று தொட்டியில் விற்பது நம் செவ்வந்திதான், சாமந்தி என்றும் சொல்வோம். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றே ஒரு பெயர் உண்டு. முழக்கணக்கில் வாங்கித் தலையில் வைத்த பூவை ஒரு புதராக வாசலில் பார்க்கும்போது வீடு வீடாகிறது. கோலத்தின் இரண்டு பக்கமும் இரண்டு தொட்டி வைத்தால் வேறு ஜோடனையே தேவையில்லை.

பகல் குறுகி இரவு நீளும்போதுதான் இந்தச் செடி மொட்டு வைக்கும், அதனால்தான் இந்தப் பருவத்தில் குவிகிறது. கடையில் எல்லோரும் செய்யும் தவறு, முழுக்க விரிந்த தொட்டியைத் தூக்கிவருவது. அது பார்க்க ஜோராக இருக்கும், பத்துப் பதினைந்து நாளில் பழுப்பேறிவிடும். மொட்டுகளில் நிறம் மட்டும் எட்டிப்பார்க்கிற தொட்டியை எடுங்கள். குளிர்ச்சியான வாசலில் நான்கைந்து வாரம் வரும். லேசான உறைபனியையும் தாங்கும்.

இதில் ரசீதில் வராத செலவு தண்ணீர்தான், அதாவது உங்கள் நேரம். சின்னத் தொட்டி முழுக்க வேர் நிறைந்திருப்பதால் வெயில் அடித்தால் தினமும் ஊற்ற வேண்டும். ஒருநாள் மறந்து மறுநாள் தொட்டியைத் தூக்கினால் காலிக் கூடைபோல லேசாக இருக்கும். அப்போது மேலே ஊற்றும் தண்ணீர் காய்ந்த மண்ணில் இறங்காது, ஓரத்தில் வழிந்து அடியில் ஓடிவிடும். தொட்டியோடு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் உட்காரவைத்தால் செடி பிழைத்துக்கொள்ளும். பூவின் மேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

அடுத்த வருடமும் பூக்கும் என்று நம்பி அக்டோபரில் தரையில் நட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். குளிர் இறுகுவதற்குள் வேர் பிடிக்க நேரம் போதாது. ஆகவே இதை வருடா வருடம் திரும்ப வரும் செலவு என்றே எழுதிக்கொள்ளுங்கள். நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். செவ்வந்தி இலையைக் கடித்துத் தின்றால் அவற்றுக்கு வாந்தி வரும், ஆகாது.

## வைக்கோலும் சோளத்தட்டையும்

வாசல் தூணோடு மக்காச்சோளத் தட்டையை நிறுத்திக் கட்டி, கீழே வைக்கோல் கட்டைப் போட்டு, அதன்மேல் நான்கு பூசணி. இந்தப் பருவத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும் காட்சி இதுதான். பெரிய வாசலை நிரப்ப இதைவிட மலிவான வழியும் இல்லை.

ஆனால் நம் வீடுகளுக்கு நான் மிகவும் தயங்குவதும் இதற்குத்தான். காய்ந்த தட்டையும் வைக்கோலும் ஒரு பொறிக்குப் போதும். அகல் சாய்ந்து எண்ணெய் அதில் சிந்தினால் தீ அணைக்கக் கைக்கு எட்டாது, பக்கத்திலேயே கதவும் இருக்கிறது. வைத்தே ஆக வேண்டுமென்றால் தீபாவளிக்கு முந்தின நாளே முழுவதையும் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அது முடியாதென்றால் பேட்டரி விளக்கு. இரண்டையும் ஒரே வாசலில் வைத்துக்கொண்டு, பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மற்ற ஜோடனைகளுக்குப் பக்கத்திலும் அகல்களை மணல் பரப்பிய தட்டில், குறைந்தது 3 அடி தள்ளி வையுங்கள்.

வாங்குமிடத்தில் 'ஸ்ட்ரா', 'ஹே' என்று இரண்டு இருக்கும். முதலாவது, தானியம் அடித்த பிறகு மிஞ்சும் கோதுமை, ஓட்ஸ் தாள். இரண்டாவது விதையோடு காயவைத்த தீவனப் புல். இது சீக்கிரம் பூசணம் பிடிக்கும், மழையில் நனைந்தால் பச்சையாக முளைக்கவும் செய்யும். ஸ்ட்ராவைக் கேட்டு வாங்குங்கள். காரில் ஏற்றும்முன் பழைய போர்வையை விரியுங்கள், இல்லாவிட்டால் மாசிவரைக்கும் இருக்கையிலிருந்து தூசி பொறுக்க வேண்டும். காயும்போது ஒருவர் தூக்கும் கட்டு, ஒரு வாரம் நனைந்தால் இரண்டு பேருக்குக் கனம். சுவரை ஒட்டி வைத்தால் எலி குடியேறும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தும்மலோ இருந்தால் இந்தப் பக்கமே வேண்டாம்.

தோட்டம் போடுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் பூண்டு நடுவது அக்டோபரில்தான். நட்ட பாத்தியின்மேல் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைக்கோல் போர்த்திவிட்டால் பனிக்காலம் முழுக்க மண்ணைக் காக்கும். வாசலில் ஒரு மாதம் அழகுக்கு இருந்த கட்டு அப்படியே பாத்திக்குப் போகும். அதனால் எனக்கு வைக்கோல் காசு ஜோடனைக் கணக்கில் வருவதே இல்லை, பூண்டுக் கணக்கில் போய்விடுகிறது.

## பொறுக்கி எடுத்தவை: இலை, கொம்பு, பைன் காய்

காசே இல்லை, கடையும் இல்லை. இந்த நாட்டின் இலையுதிர் காலத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது என்றால் உண்மையில் இதுதான். இரவு குளிர்ந்து பகல் குறுகும்போது இலையின் பச்சையம் சிதைகிறது, அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படி மறைந்திருந்தது இல்லை, மரம் அந்த வாரங்களில் புதிதாக உண்டாக்குவது. வெயிலும் குளிர் இரவும் மாறி மாறி வந்த வருடத்தில் ஒரே இலையில் மஞ்சளும் சிவப்பும் நரம்பு நரம்பாகப் பிரிந்து நிற்கும்.

அந்த இலையை அப்படியே கட்டித் தொங்கவிட்டால் இரண்டு நாளில் சுருண்டுவிடும். செய்தித்தாள்களுக்கு நடுவே ஒற்றை ஒற்றையாகப் பரப்பி, மேலே அரிசி மூட்டையை ஏற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு காம்பை மடித்து நூலில் கோத்தால் தோரணம் தயார். மாவிலை இங்கே தேடிப் பிடிக்க வேண்டிய சரக்கு, கிடைத்தாலும் குளிரில் நான்கு நாளில் கறுத்துவிடுகிறது. இந்த நவராத்திரிக்கு மேப்பிள் தோரணம் கட்டிப் பாருங்கள். கூரைக்கு அடியில், மழை படாத நிலைப்படியில் மூன்று வாரம் நிற்கும். பீச், ஓக் மரக் கொம்புகளை ஜாடியில் வைக்க நினைத்தால், இலை உதிரத் தொடங்கும் முன்பே வெட்டி, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அதில் நிறுத்துங்கள். இலை தோல்போல வளையும், நொறுங்காது.

பைன் காய்களை உள்ளே கொண்டுவருவதற்கு முன் தட்டில் பரப்பி, அடுப்பில் 200 டிகிரி பாரன்ஹீட்டில் அரைமணி நேரம் வையுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். பிசின் உருகும், உள்ளே இருக்கும் பூச்சி செத்துவிடும், மூடியிருந்த இதழ்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். மழைக்காற்றில் விட்டால் மறுபடி மூடிக்கொள்ளும், அதனால் இது வாசலைவிடக் கொலுப்படிக்குப் பொருத்தம்.

இலவசம் என்றாலும் இதற்கும் விலை உண்டு. ஓடையோரம் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் மும்மூன்று இலையாகக் கொடி கிடந்தால் கையை நீட்டாதீர்கள். அது பாய்சன் ஐவியாக இருக்கலாம். மாமரமும் முந்திரியும் அதன் குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோன அனுபவம் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியும், இது அதைவிடப் பல மடங்கு. தோலை அப்படி வேகவைக்கும் எண்ணெய் காய்ந்த இலையிலும் இருக்கும். எரித்தால் புகை நுரையீரலைத் தாக்கும்.

ஆரஞ்சு மணிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஓரியன்டல் பிட்டர்ஸ்வீட் கொடியையும், நெடுஞ்சாலைப் பள்ளங்களில் வெள்ளிக் குஞ்சமாக ஆடும் பிராக்மைட்டீஸ் நாணலையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இரண்டும் இந்த மண்ணை ஆக்கிரமிக்கும் செடிகள். வாசலில் உதிரும் விதை அடுத்த வருடம் யாருடைய ஓடையிலோ முளைத்திருக்கும். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் இலை, கொம்பு எதையும் எடுத்துவரச் சட்டத்திலும் இடமில்லை. உங்கள் முற்றம், அனுமதி தரும் நண்பர் வீடு, இந்த இரண்டும் போதும்.

## சரி, உங்கள் வீட்டுக்கு எது?

அடுக்குமாடியில் பால்கனியும் ஒரு கதவும்தான் இருக்கிறதென்றால் கதவுக்கு இலைத் தோரணம், உள்ளே ஒரு சின்னப் பூசணி. வைக்கோலை நினைக்கவே வேண்டாம்.

வேலைக்குக் காலையில் போய் இருட்டிய பிறகு வரும் வீட்டுக்குச் செவ்வந்தி சரிப்படாது, செடி வாடுவதைப் பார்க்கத்தான் மனசு கஷ்டப்படும். பூசணி ஒரு வாரம் ஆனாலும் உங்களிடம் எதையும் கேட்காது. பெரியவர்கள் பகலில் வீட்டில் இருக்கிறார்களா? செவ்வந்தியை வாங்கிக் கொடுங்கள். என் மாமியார் இருந்த வரைக்கும் காலைக் காபிக்கு முன்பு அந்த இரண்டு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உட்காருவார். ஒரு வருடம் நவம்பர் பத்துத் தேதிவரை பூத்தது.

அணில் தொல்லை மிகுந்த தெருவில், பெரிய மேப்பிள் மரங்களுக்கு அடியில் வீடு இருந்தால், பூசணியைத் தேங்க்ஸ்கிவிங் கழித்து வையுங்கள், அதுவரை செவ்வந்தி நிற்கட்டும். கைக்குழந்தை தவழும் வீட்டில் மணிகள், விதைகள், குடுக்கைகள் எதையும் கீழே வைக்காதீர்கள். தோட்டம் இருக்கிறது, தீபாவளிக்கு முன் கட்டைத் தூக்க ஆளும் இருக்கிறது என்றால் வைக்கோல் உங்களுக்கு லாபம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி அடுக்கவும் வேண்டாம். நான் செய்வது இப்படி: செப்டம்பர் கடைசியில் மொட்டுச் செவ்வந்தி, நவராத்திரிக்குத் தோரணம், அது முடிந்ததும் முழுப் பூசணி மூன்று, தீபாவளிக்கு அகல். ஒன்று ஓயும்போது அடுத்தது வந்து நிற்கும்.

செதுக்கிய பூசணியைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் நவம்பர் 1 மாலை மேற்கு டொராண்டோவின் சோரோரன் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். 2004 முதல் அக்கம்பக்கத்தார் தங்கள் பூசணிகளை அங்கே கொண்டுவந்து வரிசையாக வைத்து, உள்ளே விளக்கேற்றுகிறார்கள். பிறகு நகராட்சி அவற்றை உரத்துக்கு எடுத்துச்செல்கிறது. செதுக்காத சுகர் பம்ப்கினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கழுவி, தோல் சீவி, துவரம்பருப்பும் தேங்காயும் சேர்த்து எங்கள் வீட்டில் தீபாவளிக்கு மறுநாள் கூட்டு வைப்போம். விதையை உப்பு போட்டு வறுத்து வைத்தால் குழந்தைகள் பள்ளிவிட்டு வந்ததும் காலி.